முதல் தண்ணீர்

நாற்காலி வேண்டாம் ஐயா, இந்த பெஞ்சே போதும். தையல் மிஷினில் உட்கார்ந்து பழகிய முதுகு. சாய்மானம் இருந்தால்தான் எனக்கு வலிக்கும். குடையை வெளியிலேயே வைத்துவிட்டேன். மழை விட்டதும் போங்கம்மா என்று உங்கள் ஏட்டு சொன்னார். நான் மழைக்கு ஒதுங்க வரவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

பெயர் செபஸ்தியம்மாள். வயது நாற்பது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஓடைத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் தையல் டீச்சர்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஐம்பத்தொன்பது புரட்டாசியில், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற கல்லுக்குழியில் பாஸ்கல் என்று ஒருவர் இறந்துபோனார். உங்கள் காகிதத்தில் கால் வழுக்கி விழுந்ததாக இருக்கும். அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் முதலில் தண்ணீரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது புரியும்.

எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. மேலே தோல் பதனிடுகிற தோல் ஷாப்புகள், கீழே ஓடை. ஓடை போய்க் குடகனாற்றில் சேருகிறது. வருடத்தில் பாதி நாள் ஆறு வெறும் மணல்தான். அந்த மணலில் கை நீளத்துக்குத் தோண்டினால் தண்ணீர் ஊறும். சிரட்டையில் மோந்து குடத்தை நிரப்பிக் கொண்டுவருவோம். எங்களுக்குக் குடிதண்ணீர் அதுதான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

வெயில் காலம் முடிந்து பெய்கிற முதல் மழையில்தான் கெடுதல். மாதக்கணக்காகத் தெருவில் கிடந்த சாம்பல், சாணி, எச்சில் இலை, தோல் ஷாப் முற்றத்துச் சுண்ணாம்பு, தோலிலிருந்து சுரண்டிப் போட்ட மயிர், பதனிட ஊறவைத்துச் சாறு போன ஆவாரம்பட்டைச் சக்கை, எல்லாம் ஒரே அடியாக அடித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். காப்பி டிகாஷன் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போகும். அதைத்தான் நாங்கள் முதல் தண்ணீர் என்போம்.

நாற்பத்தேழில், அப்பா இறந்த மறு வருடம், முதல் மழை பெய்த மறுநாள் நான் ஊற்றுக்குப் போய் ஒரு குடம் எடுத்து வந்தேன். அடுத்த வீட்டுப் பெருமாயி வழியில் பார்த்து, “ஏ புள்ள, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்டி, ஆறு கழுவிக்கிரட்டும்” என்றாள். தெளிவாகத்தானே இருக்கிறது என்று நான் வந்துவிட்டேன். அம்மா மூன்றாம் நாள் போய்விட்டாள். வாந்திபேதி. தங்கை புஷ்பமேரிக்கு அப்போது எட்டு வயது. சளி பிடித்திருந்ததால் அவளுக்குக் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுத்துவந்தோம், அதனால் பிழைத்தாள். நானும் அந்தக் குடத்தில்தான் குடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்குத் தலை பின்னியது, பூசைக்குக் கூட்டிப்போனது, அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் பக்கத்திலேயே படுத்திருந்தது எல்லாம் நான்தான். என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். தங்கையும் கூட வருவாள் என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஐம்பத்துநான்கில்தான் தெருப் பெண்களைக் கூட்டிப் பேசினேன். வீட்டுக்கு வீடு சாம்பலுக்கு ஒரு தகர டின், காய்கறித் தோலுக்கும் சாணிக்கும் ஒரு கூடை, கந்தலுக்கும் ஓட்டைப் பாத்திரத்துக்கும் ஒரு சாக்கு. தெருவில் எதையும் கொட்டக் கூடாது. “டீச்சரு குப்பைக்கும் ஒண்ணாப்பு ரெண்டாப்புன்னு பிரிச்சிருச்சு, இனிமே பரீச்சை வைக்காம இருந்தாச் சரி” என்று பெருமாயி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் செய்தார்கள். சாம்பலும் மட்கிய குப்பையும் அடியனூத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வண்டி கட்டி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு வீட்டுக்கு நாலு கத்திரிக்காயாவது முருங்கைக்காயாவது வெஞ்சனத்துக்குக் கிடைக்கும்.

அப்படியும் தோல் ஷாப்பிலிருந்து வருவதை நாங்கள் தடுக்க முடியாது இல்லையா. அதற்குத்தான் கல்லுக்குழி. வெள்ளைக்காரன் காலத்தில் கல் உடைத்த இடம். இரண்டரை ஆள் ஆழம், நாலு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்துப் பாறை. தெருச் சாக்கடை ஓடையில் விழுகிற வாயில் கல்லில் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் இறங்குகிற மாதிரி ஒரு தேக்குப் பலகை செய்து வைத்தோம். பலகையை இறக்கினால் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் திரும்பிக் குழியில் விழும். குழியின் அடியில் மணலும் பட்டைச் சக்கையும் மாற்றி மாற்றிப் பரப்பியிருப்போம். சுண்ணாம்பும் மயிரும் அதில் தங்கிவிடும். சக்கையைத் தோல் ஷாப் மேஸ்திரி கிதர் முகம்மது பாய் இனாமாகக் கொடுத்தார். “எங்களுக்கு இது தலைவலிம்மா, எம்புட்டு வேணும்னாலும் அள்ளிட்டுப் போங்க” என்பார். அடைத்துப்போன பழைய சக்கையை வெட்டி எடுத்துக் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். எதுவும் வீணாகாது.

பலகையை இறக்குவதும் தூக்குவதும் என் வேலை. ஒரு வெள்ளைத் துணிக் கீற்றை ஓடுகிற தண்ணீரில் நனைத்துப் பார்ப்பேன். பழுப்பு ஏறாமல் வெள்ளையாகவே வந்தால் முதல் தண்ணீர் முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது பலகையைத் தூக்குவேன். அதற்கு அரைமணி ஆகும், சில வருடம் முக்கால் மணியும் ஆகும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. சிறுமலைப் பக்கம் மேகம் கட்டினால், முதலில் பார்க்கிறவர் வாசலில் நின்று தன் சாம்பல் டின்னைத் தட்ட வேண்டும். அதைக் கேட்ட வீடு தானும் தட்ட வேண்டும். இப்படித் தெரு முழுக்கத் தட்டிக்கொண்டே கூடைகளை உள்ளே எடுத்து, அவரவர் வாசல் சாக்கடையை அடைப்பில்லாமல் தள்ளிவிட வேண்டும். முதல் வருடம், யார் தட்டுவது, எதற்குத் தட்டுவது என்று ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றதில் மழை முந்திவிட்டது. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். சத்தம் கேட்டால் யார் என்று கேட்காதே, நீயும் தட்டு. அதை எங்கள் தெரு இன்றைக்கும் பிசகாமல் கடைப்பிடிக்கிறது.

பாஸ்கல் பழைய சாமான் எடுக்கிறவர், மேலே தோல் ஷாப் பக்கம் ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் தள்ளுவண்டியோடு வந்து எங்கள் சாக்குகளை எடுத்துக்கொண்டு, மாற்றாக ஊசி, நூல், பொட்டுக்கடலை கொடுப்பார். வண்டியில் ஒரு டின் தொங்கும். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அதுதான் அவர் வந்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். நல்ல மனிதர் ஐயா. அதை நான் மறைக்க மாட்டேன். குழியில் சக்கை மாற்றுகிற வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துப் போட்டுக்கொண்டார். உடைந்த பொருளைக் கையில் வாங்கும்போது அது இன்னும் எதற்கு ஆகும் என்று ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் புஷ்பத்துக்கு ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் வந்தது. நீலம், பச்சை, தேன் நிறம். அவள் கழுவி ஜன்னலில் வரிசையாக வைத்து, காலையில் வெயில் படும்போது பார்த்துக்கொண்டிருப்பாள். எதற்கடி இத்தனை என்றேன். “சும்மாதாங்க்கா, அழகா இருக்குல்ல” என்றாள். இருபது வயதுப் பெண் அப்படிச் சொன்னால் என்ன என்று எனக்குத் தெரியாதா. அவள் முகத்தை எட்டு வயதிலிருந்து படித்தவள் நான்.

அவர் வந்து முறையாகப் பெண் கேட்டபோது நான் சம்மதித்தேன். வேறு என்ன சொல்ல முடியும். எங்கள் வேதத்துப் பையன், குடிக்காதவர், அவளைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். பெருமாயி தெருவில் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டாள். “ஏ அப்பு, ஓட்டத் தகரம் பொறுக்க வந்து எங்க தெருத் தங்கத்தப் பொறுக்கிட்டுப் போறீகளாக்கும்?”

“தங்கத்துக்குப் பதிலா ஒங்களுக்கு நாலு ஊசி கூடத் தந்துர்றேன் சித்தி.”

“ஊசிய நீரே வச்சுக்கிரும். அவுக அக்கா வாயத் தைக்க ஒதவும்.”

நானும் சிரித்தேன். அதுவரை டீச்சர் என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து மதினி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இதே தெருவில் ஒரு வீடு பார்ப்பதாகத்தான் பேச்சு. ஆவணியில் ஒரு நாள் அவர் வந்து, பம்பாயில் அவருடைய மாமா இரும்புப் பட்டறையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொன்னார். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் கிளம்ப வேண்டுமாம். நீங்களும் வந்துவிடுங்கள் மதினி என்று ஒரு வார்த்தைக்குச் சொன்னார். புஷ்பம் சொல்லவில்லை. பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கத் தொடங்கியிருந்தாள்.

நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைத்தேன். கை ஓரத்தில் வெள்ளை நூலால் பூவேலை செய்தேன். பம்பாயில் தண்ணீர் எப்படி, மழை எப்படி என்று பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சரிடம் விசாரித்தேன். அங்கே நாலு மாதம் விடாமல் பெய்யுமாம். சாக்கடையும் கடலும் ஒன்றாகிவிடுமாம். அதைக் கேட்ட ராத்திரியிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தகப்பனாகவும் தாயாகவும் இருந்து யோசித்துப் பாருங்கள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் ஓலை வாசிக்க இருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் வழக்கத்தில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லாவிட்டால்தான் கல்யாணம். அந்த மூன்று ஞாயிறில் எதிலும் எழுந்து சொல்ல என்னிடம் ஒரு தடையும் இல்லை. அதை நான் நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

காலையில் அவர் வந்தபோது, சக்கை அடைத்துப் போயிருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும், கல்யாண வேலை ஆரம்பித்துவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது என்றேன். உண்மைதான், அடைத்துத்தான் போயிருந்தது. ஏணி வைத்து இறங்கினார். பதினொரு மணிக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானம் புஷ்பம் சோறு கொண்டுபோனாள். அவர் மேலே ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கினார். மூன்று மணிக்கு நான் போனேன்.

குழியின் மேலே நின்றால் சிறுமலை முழுவதும் தெரியும். மலை உச்சி அப்போதே தெரியவில்லை. உள்ளே நிற்கிறவருக்குத் தலைக்கு மேல் இருக்கிற வானம் மட்டும்தான். அது இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

“மதினி, காத்து குளுந்து வருதே, இருட்டுதா?” என்றார்.

“லேசாத்தான். நேரம் இருக்கு.”

“அப்ப இன்னும் செத்த நேரத்துல முடிச்சுட்டு வாரேன். நாலு கூடைதான்.”

ஏணியின் ஒரு படி ஆடுகிறது, ஆணி அடித்துக் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அவர் கீழேயிருந்து தூக்கிவிட்டார். கூடை இழுக்கிற கயிறு ஏணியில்தான் கட்டியிருந்தது, அதுவும் சேர்ந்து வந்தது. மூங்கில் ஏணி, கனம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழைக்கு முன்னால் ஏணியை வீட்டுக்குள் எடுத்து வைப்பது எப்போதும் உள்ள வழக்கம், நனைந்தால் மூங்கில் உளுத்துப்போகும். தெருவில் பார்த்த யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பம் ஒரு பக்கம் பிடித்துச் சுவரில் சாய்த்தாள்.

“அவுக ஏறிட்டாகளா அக்கா?”

“ஏறி அப்பயே கடைக்குப் போயிட்டார்” என்றேன்.

அது பொய். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஏணிப் படி உண்மையாகவே ஆடியது.

சக்கை வெட்டும்போது ஊறுகிற தண்ணீரை இறைக்க அவரிடம் ஒரு டின் இருந்தது. மலையில் இடி கேட்டதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மண்வெட்டிக் காம்பால் டின்னைத் தட்ட ஆரம்பித்தார். அவருடைய தட்டுதான், இரண்டு, நிறுத்தி ஒன்று. தான்தான் என்று தெரிந்து யாராவது வரட்டும் என்று அப்படித் தட்டியிருக்கிறார். கூப்பிட்டும் பார்த்திருப்பார். பாறைக்கு உள்ளிருந்து குரல் வெளியே வராது.

முதலில் பெருமாயி கேட்டாள். உடனே தன் டின்னை எடுத்துத் தட்டினாள். பிறகு எதிர் வீடு, அதற்கு மேல் வீடு. ஒரு நிமிஷத்தில் தெரு முழுக்கத் தகரச் சத்தம். அதற்குப் பிறகு அவருடைய சத்தத்தைத் தனியாகப் பிரிக்க யாராலும் முடியாது. யார் என்று யாரும் கேட்கவில்லை. கூடைகள் உள்ளே போயின. அந்த வருடம் நான் பார்த்ததிலேயே மிகச் சுறுசுறுப்பாகச் சாக்கடையைத் தள்ளிவிட்டார்கள். நாற்பது வீட்டுப் பெண்கள் வியர்க்க வியர்க்கக் கூட்டித் தள்ளினார்கள்.

எங்கள் வாசலில் புஷ்பம் தட்டினாள். முதல் தட்டுக்கு முன்னால் கையைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றாள். “அக்கா, அது அவுக தட்டு மாதிரி இல்ல?” என்றாள். கடையில் சாமான் பிரித்துக்கொண்டிருப்பார் என்றேன். கடை எதிர்த்திசையில் இருக்கிறது. சத்தம் கேட்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்று அவளைப் பார்த்தேன். தட்டினாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடை வாய்க்குப் போய்ப் பலகையை இறக்கினேன்.

ஐயா, இதை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். பலகையை இறக்காமல் விட்டால் முதல் தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும். கீழே எத்தனை ஊர் இருக்கிறது, எத்தனை தாய்மார் குடத்தோடு வருவார்கள். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் எண்ண முடியாத பேர். உங்கள் இடத்தில் இருக்கிறவர்கள் தினமும் இந்த மாதிரிதானே தீர்மானிக்கிறீர்கள்.

நகராட்சிக் குழாய் அதற்கு முந்தின வருடமே எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். வந்துவிட்டது. கீழ்த் தெருக்களுக்கும் வந்துவிட்டது. ஆற்று ஊற்றில் அப்போது யாரும் தோண்டுவதில்லை என்பதும் சரிதான். ஆனால் குழாயை எப்படி நம்புவது. ஒரு நாள் நின்றுபோகலாம்.

தண்ணீர் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகம். குழி பதினைந்து கஜ தூரம். நான் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு குழிக்கு முதுகைக் காட்டி நின்றேன். தெருவில் தகரம் ஓய்ந்த பிறகும் அவருடையது கொஞ்ச நேரம் கேட்டது. முதலில் இரண்டும் ஒன்றுமாக. பிறகு கணக்கில்லாமல். அடியில் ஊறிய சக்கை முழங்கால்வரை புதையும், அவருக்கு நீச்சலும் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களில் யாருக்குத்தான் தெரியும், நீந்துகிற மாதிரி தண்ணீர் எங்கே இருக்கிறது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

துணிக் கீற்றை மூன்று தடவை நனைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடவை வெள்ளையாக வந்தது. பலகையைத் தூக்கினேன். ஓடுகிற தண்ணீரில் ஒருத்தியால் தூக்க முடியாது என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியும். வருடா வருடம் நான் தனியாகத்தான் தூக்குகிறேன். அன்றைக்கும் எப்போது நினைத்திருந்தாலும் தூக்கியிருக்கலாம்.

இரண்டாம் தண்ணீர் ஓடைக்குத் தெளிவாகப் போயிற்று.

சாயங்காலம் அவருடைய தள்ளுவண்டி குழி ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்பதைப் பெருமாயிதான் பார்த்தாள். பிறகு நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கும். தண்ணீர் எப்படி விழுகிறது என்று எட்டிப் பார்த்திருப்பார், பாறை வழுக்கியிருக்கும் என்று தெருவே சொல்லிற்று. ஏணியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கிதர் முகம்மது பாய் நாலு ஆளை அனுப்பித் தண்ணீரை இறைத்துக் கொடுத்தார். மறுநாள் கோயிலில் ஓலைக்குப் பதிலாக அவருக்கு ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள்.

புஷ்பம் அழவில்லை. வீட்டுக்குள் போய், சுவரில் சாய்த்திருந்த ஏணியின் பக்கத்தில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தாள். நனையாமல் காய்ந்திருந்தது. ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டே நின்றாள். அதன் பிறகு என்னிடம் ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னலில் ஒரு பாட்டில்கூட இல்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அவள் டீச்சர் டிரெய்னிங் படித்தாள். ராத்திரி ஒரே விளக்கில் அவள் படிப்பாள், நான் சட்டைகளுக்குக் காஜா எடுப்பேன். வேறு கல்யாணப் பேச்சை அவள் எடுக்க விடவில்லை. என்னை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பெரியவளாகிவிட்டால் பிள்ளைகள் அப்படித்தான். தனியாக ஒரு சின்னப் பானை வாங்கி, குழாயில் தானே பிடித்து, அதற்கு ஒரு மூடியும் போட்டு வைத்திருக்கிறாள். நான் எடுத்து வருகிற தண்ணீரை ஆறு வருடமாக அவள் குடித்ததில்லை. வயிற்றுக் கோளாறு ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

தெருவில் மழைக்குத் தகரம் தட்டும்போது அவள் மட்டும் தட்டுவதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆனால் ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு, பெருமாயி தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தட்டு கேட்கிறது. தெருக்கோடியிலிருந்து. அறுபதில் கேட்டபோது யாரோ சின்னப் பிள்ளை என்று நினைத்தேன். அறுபத்தொன்றில் பெருமாயியிடமே கேட்டேன். “நீதான முதல்ல தட்டுன?” என்றேன்.

“நானா? எனக்கு முன்னால யாரோ தட்டுனாகளே டீச்சர். கேட்டுத்தான நான் தட்டுனேன். யாருன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீக” என்றாள்.

போன வாரம் பெய்ததே, அதற்கும் கேட்டது. நான் ஓடை வாயில் நின்று பலகையைக் கையில் வைத்திருந்தேன். சத்தம் எனக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. இறக்காமல் இருக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். தெரு முழுக்க அதற்குள் தட்ட ஆரம்பித்துவிட்டது. இறக்கினேன்.

ஏன் இத்தனை வருடம் கழித்து வந்து சொல்கிறாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மனுஷி எவ்வளவு காலம்தான் சுமக்க முடியும். பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் அதை வெளியே சொல்ல மாட்டார். பாவசங்கீர்த்தனத்தின் விதி அப்படி. வெளியே தெரிய வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

ஏணியை நான் எடுத்தேன். அவர் உள்ளே இருப்பது தெரிந்தே பலகையை இறக்கினேன். சாகட்டும் என்றுதான் நின்றேன். இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒன்றோடு ஒன்று கலந்துவிட வேண்டாம்.

என் வாய்வார்த்தையை மட்டும் வைத்து நீங்கள் எதுவும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். சாட்சி வேண்டும். ஏணியை நான் கொண்டுவந்த நேரம், நான் சொன்ன பொய், அந்தத் தட்டு யாருடையது என்பது, இதெல்லாம் தெரிந்தவள் உலகத்தில் புஷ்பம் ஒருத்திதான். அவளைத்தான் நீங்கள் முக்கியமாக விசாரிக்க வேண்டும். ஒரு தடவை போதாது. திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அவளுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நேற்று மத்தியானம்தான் சொன்னாள். அதுவும் என்னிடம் இல்லை, பெருமாயியிடம். நான் வாசலில் நின்று கேட்டேன். பெட்டி கட்டி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை ரயில். இன்றைக்குச் சனிக்கிழமைதானே.

கொலை வழக்கில் சாட்சி ஊரை விட்டுப் போகக் கூடாது இல்லையா ஐயா? அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அவள் மீற மாட்டாள், சிறு வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிறவள். இப்போதே ஒரு ஆளை அனுப்புங்கள். மதுரை ஜெயிலில் மாதம் ஒரு தடவை பார்க்க விடுவார்களாம். அவள் வருவாள். வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும்? மெதுவாகவே நடக்கட்டும்.